ஒன்பதில் ஒன்பதாவது பக்கம்

எங்கள் சிற்றிதழில் எழுத்துப்பிழையே இல்லாத இதழ் என்று ஒன்றுதான் வந்திருக்கிறது. அந்த இதழில்தான் ஒரு கதையின் கடைசிப் பக்கமும் இல்லாமல் போனது. இரண்டுக்கும் நானே பொறுப்பு. முதலாவதைப் பற்றிப் பல கூட்டங்களில் நானாகவே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவதை இப்போதுதான் எழுதுகிறேன்.

சிற்றிதழ் என்றதும் ஒரு கட்டடம், பெயர்ப்பலகை, அழைப்புமணி என்று யாரும் கற்பனை செய்துவிடக்கூடாது. மொத்தம் மூன்று பேர். காலாண்டிதழ் என்று அட்டையில் இருக்கும். எந்தக் காலாண்டு என்று போடுவதை நாலாவது இதழோடு விட்டுவிட்டோம்.

ஆசிரியர் துறைமுகத்தில் ஓர் இழுவைப்படகின் இயந்திர அறையில் முப்பது வருடம் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். அந்த அறையில் கத்தினால்தான் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்கும். ஓய்வுபெறும்போது இயந்திரத்தை விட்டுவிட்டு வந்தார், கத்துவதை விட்டுவிட்டு வரவில்லை. ஓர்ஸ் ஹில்லில் அவருடைய வீட்டு விறாந்தையில் இருந்து ஒரு கவிதையை நிராகரித்தார் என்றால் அந்த ஒழுங்கை முழுவதும் அதை அறியும். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தற்காலக் கவிதையின் போக்குப் பற்றிப் பல்கலைக்கழக விரிவுரையாளர்களைவிடக் கூடுதலான விபரம் தெரியும் என்பது என் கணிப்பு.

இரண்டாமவர் கிண்ணியாக்காரர். நகரத்தில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். கலியாணக் காட், விசிட்டிங் காட், பாடசாலை வினாத்தாள், இவற்றுக்கிடையில் நேரம் கிடைத்தால் எங்கள் பக்க வடிவமைப்பு. திறமைசாலி. ஆனால் கை பழக்கத்தை விடாது. எங்கள் இதழில் மரணத்தைப் பற்றிய கவிதைகளுக்குக்கூட நாலு மூலையிலும் ரோஜாப்பூ இருந்திருக்கிறது.

மூன்றாவது நான். பகலில் ஓர் அரச கந்தோரில் இருந்து, "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது" என்று ஊர்மக்களுக்கு எழுதுகிறவன். எழுத்தாளனாக வரவேண்டும் என்று புறப்பட்டு, மற்றவர்களின் கொம்புகளையும் கால்களையும் எண்ணிப் பார்க்கிற பிழைதிருத்துநராக நிலைபெற்றேன். இந்த வேலையில் எனக்கென்று ஒரு முறை உண்டு. நான் பின்னாலிருந்து வாசிப்பேன். கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் தொடங்கி, சொல் சொல்லாக, முதல் பக்கத்தின் முதல் வரிக்கு வந்து சேருவேன். முன்னாலிருந்து வாசித்தால் கதை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். கண், இல்லாத எழுத்தையும் இருப்பதாகக் காட்டும். பின்னாலிருந்து வந்தால் எந்தக் கதையும் யாரையும் இழுக்காது. ஒவ்வொரு சொல்லும் தனியாக நிற்கும், பிடித்துப் பார்க்கலாம். இந்த முறையை நானே கண்டுபிடித்ததாக ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இதில் ஒரு சின்னக் குறை இருந்தது. கதை என்ன சொல்கிறது என்று கடைசிவரைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த இதழுக்குக் கிண்ணியாவில் இருந்து ஒரு டீச்சர் கதை அனுப்பியிருந்தார். ஆரம்பப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர். அதுதான் அவருடைய முதற்கதை. கையெழுத்துப் பிரதி கணக்குக் கொப்பியைப்போலவே இருந்தது. ஒவ்வொரு தாளின் மேல்மூலையிலும் ஒன்பதில் ஒன்று, ஒன்பதில் இரண்டு என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். ஆசிரியர் வாசித்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார். போன் இல்லாமலேயே எனக்குக் கேட்டிருக்கும்.

"தம்பி, கதை வந்திருக்கு! கன காலத்துக்குப் பிறகு ஒரு கதை!"

கதை இதுதான். மூதூரிலிருந்து கிண்ணியாவுக்கு வருவதற்கு ஆற்றுத்துறைகளை மிதவையில் கடக்கவேண்டியிருந்த காலம், பாலங்கள் வருவதற்கு முன். கிண்ணியாவில் ஓர் உம்மா சாகக் கிடக்கிறார். மூதூரில் கலியாணம் முடித்திருக்கும் மூத்த மகளுக்குக் காலையிலேயே ஆள் அனுப்பியாகிவிட்டது. கதையைச் சொல்கிற இளையவள் தன் அக்காவை, ராத்தாவை, எதிர்பார்த்து உம்மாவின் தலைமாட்டிலும் வாசலிலுமாக மாறிமாறி நிற்கிறாள். உம்மா மூத்தவளின் பெயரைச் சொல்லிக் கேட்டபடியே கண்ணை மூடுகிறார். எட்டாம் பக்கம் இப்படி முடிகிறது: "உம்மாவின் ஜனாஸாவைத் தூக்குகிற நேரம்வரைக்கும் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்தா வரவில்லை."

அதற்குப் பிறகு மூன்று நட்சத்திரக் குறிகள். பிறகு ஒன்பதாம் பக்கம்.

எங்கள் இதழ் தாளை மடித்து நடுவில் பின் அடிக்கிற வகை. ஆகவே பக்கங்கள் எப்போதும் நாலின் பெருக்கமாக வரவேண்டும். நாற்பத்தெட்டு என்பது எங்கள் கொள்ளளவு. அந்தமுறை நாற்பத்தொன்பது வந்துவிட்டது. எடுக்க வசதியாகத் தனிப் பக்கத்தில் நின்றது டீச்சரின் கதையில் மூன்று நட்சத்திரத்துக்குப் பிறகு வருகிற பகுதி மட்டும். வடிவமைப்பாளர் அதை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு ஆசிரியருக்கு வட்ஸப்பில் கேட்டார்: "ஐயா, ஒரு பக்கம் மிஞ்சுது. அடுத்த இதழுக்கு எடுத்து வைக்கவா?" ஆசிரியர் கட்டைவிரலை உயர்த்திய படத்தை அனுப்பினார். அவருக்கு அந்த ஒரு படம்தான் அனுப்பத் தெரியும். ஒருமுறை என் மாமனார் காலமான செய்திக்கும் அதையே அனுப்பியிருந்தார்.

பிறகு அச்சுக்குப் போகும் பிரதி என்னிடம் வந்தது. நான் "வரவில்லை ராத்தா" என்று தொடங்கி, பின்பக்கமாக நடந்து, இரண்டு ஒற்றுப்பிழையைப் பிடித்துக்கொண்டு வெற்றியோடு வெளியே வந்தேன்.

வெளியீட்டுக் கூட்டத்தில் முப்பது பேரளவில் இருந்தார்கள். பாதிப்பேர் எழுதியவர்கள், மீதிப்பேர் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். மதிப்புரை வழங்கியவன் நான். டீச்சரின் கதையைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் பேசினேன். முக்கியமாக முடிவைப் பற்றி. "இந்தக் கதை முடிகிற இடத்தில் முடியவில்லை. அது எங்களோடு வீட்டுக்கு வருகிறது" என்றேன். இரண்டாவது வரிசையில் இருந்த டீச்சரின் கண் கலங்கியிருந்தது. என்னுடைய பேச்சின் வல்லமை என்று நினைத்துக்கொண்டேன். என் விமர்சனங்களில் ஒரு வசதி, அவை எந்தக் கதைக்கும் எந்த முடிவுக்கும் பொருந்தும்.

கூட்டம் கலையும்போது டீச்சர் தனக்குத் தந்த இரண்டு பிரதிகளில் ஒன்றை, திறந்தே பார்க்காமல், ஒரு பிரவுண் தாளில் சுற்றி மூதூரில் இருந்து வந்திருந்த சக ஆசிரியை ஒருவரிடம் கொடுத்ததைக் கண்டேன். அதற்கு நான் எந்த அர்த்தமும் கற்பிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை ஆசிரியர் வீட்டு விறாந்தையில் நானும் அவரும் இருந்தோம். டீச்சர் வந்தார். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை. கையில் இதழும், தன் கையெழுத்துப் பிரதியின் போட்டோக் கொப்பியும்.

"ஐயா, நான் தந்த கதை எத்தினை பக்கம்?"

"கையெழுத்தில ஒம்பதெண்டு நினைக்கிறன் டீச்சர்."

டீச்சர் கொப்பியில் ஒரு தாளை எடுத்து என் முன்னால் நீட்டினார். "சேர், இந்த மூலையில என்ன போட்டிருக்கு?"

"ஒன்பதில் எட்டு."

"அதுக்குப் பிறகு என்ன வரும்?"

மூன்றாம் வகுப்பில்கூட எனக்கு இவ்வளவு வியர்த்ததில்லை. "ஒன்பதில் ஒன்பது" என்றேன்.

"அது எங்க?"

ஆசிரியர் இதழைப் புரட்டினார். நானும் புரட்டினேன். கதை முடிந்த இடத்துக்குக் கீழே ஒரு ரோஜாப்பூ இருந்தது. அதைத் தாண்டி அடுத்த பக்கத்தில் நூல் விமர்சனம்.

"நாங்கள் அதுதான் முடிவெண்டு..." ஆசிரியர் தன் வாழ்நாளில் முதல்தடவையாகக் குரலைத் தேடினார். "வாசகரிட்ட விட்டிட்டீங்களெண்டு நினைச்சம் பிள்ளை."

"நீங்க முழுசா வாசிச்சுத்தானே எடுத்த?"

"வாசிச்சனான். அப்ப இருந்தது. பிறகு அச்சில பார்க்கேக்க, சரி, நீங்கதான் குறைச்சுத் தந்திருக்கிறீங்கள் எண்டு..."

"நான் ஒருத்தரிட்டயும் ஒண்டையும் விடல்ல ஐயா. முடிச்சுத்தான் தந்தன்." என் பக்கம் திரும்பினார். "சேர், நீங்க மேடையில முடிவைப் பற்றிப் பத்து நிமிசம் பேசினீங்களே. எந்த முடிவைப் பற்றிப் பேசின?"

நான் கதிரையை இன்னொரு தரம் அவர் பக்கம் தள்ளினேன்.

பிறகுதான் அதில் இருந்தார். தேத்தண்ணி வந்தது, குடிக்கவில்லை. கதை கற்பனை இல்லை என்றார். ராத்தா அவருடைய ராத்தாதான். உம்மா மௌத்தானதில் இருந்து இரண்டுபேருக்கும் கதை இல்லை. கலியாண வீடுகளில் கண்டால் ஸலாம் மட்டும். போன வருடம் பாடசாலையில் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு கிழவர் பேரனுக்காக வந்திருக்கிறார். முன்னர் மிதவையில் வேலைசெய்தவர். டீச்சர் இன்னாருடைய மகள் என்று அறிந்ததும், "உங்கட ராத்தா அண்டைக்கு அக்கரையில நிண்ட நிலை எனக்கு இன்னும் மறக்கல்ல" என்றிருக்கிறார். அன்றைக்கு மிதவையின் இயந்திரம் பழுது. மத்தியானத்தில் இருந்து பொழுதுபடும் வரைக்கும் ராத்தா அக்கரையில் நின்றிருக்கிறார். இத்தனை வருடமும் அதை அவர் சொல்லவில்லை. டீச்சர் கேட்கவுமில்லை.

"ஒன்பதாம் பக்கத்தில அதுதான் இருக்கு. அதுக்காகத்தான் மத்த எட்டையும் எழுதின."

"அந்தப் பொதி..." என்றேன்.

"ராத்தாக்குத்தான். கூட்டத்தில வெச்சே குடுத்தனுப்பிட்டன். நீங்க முடிவைப் பற்றி அப்பிடிப் பேசினீங்க, எனக்கு இருக்க ஏலாமப் போயிட்டு. வீட்ட போய்த்தான் என்ர புத்தகத்தைத் திறந்து பாத்தன்." கொப்பித் தாள்களைத் தட்டி நேராக்கினார். "இப்ப அவ கையில இருக்கிறது எட்டுப் பக்கம். அவ என்ன நினைப்பா? தங்கச்சி ஊரைக் கூட்டி, நீ உம்மாட மௌத்துக்கும் வரல்ல எண்டு அச்சடிச்சு அனுப்பியிருக்காள்."

ஆசிரியர் மெல்ல, அதாவது பக்கத்து வீட்டுக்கு மட்டும் கேட்கும்படி, சொன்னார்: "அடுத்த இதழில முதல் பக்கத்திலேயே திருத்தம் போடுவம். பெட்டி கட்டி."

"அடுத்த இதழ் எப்ப வரும் ஐயா?"

ஆசிரியர் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார்.

"ராத்தாவுக்கு ஒரு போன் எடுத்து விசயத்தைச் சொன்னா..." என்று நான் தொடங்கினேன்.

"போனில கதைக்க ஏலுமெண்டா நான் ஏன் சேர் கதை எழுதுறன்?"

என் வாசிப்பில், இலக்கியம் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதிலை நான் கண்டதில்லை. பாராட்டிச் சொல்ல வாய் வந்தது. நல்லவேளை, மூடிக்கொண்டேன்.

ஆசிரியர் வடிவமைப்பாளருக்குப் போன் எடுத்தார். மறுபக்கத்தில் மௌஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது.

"இருக்கு ஐயா. பத்திரமா இருக்கு. அடுத்த இதழ் ஃபோல்டருக்க."

"யார் உன்னை அதுக்க போடச் சொன்னது?"

"நான் கேட்டன். நீங்க விரல் காட்டின."

ஆசிரியர் தன் கட்டைவிரலைப் புதிதாகப் பார்ப்பவரைப்போலப் பார்த்தார்.

டீச்சர் எழுந்தார். "நான் போகமாட்டன். நான் போனா ரெண்டு பேரும் வாசல்ல நிண்டு அழுதிட்டுத் திரும்பிருவம், ஒண்டும் கதைக்கமாட்டம். நீங்க விட்ட பக்கம். நீங்களே கொண்டுபோய்க் குடுங்க." ராத்தாவின் வீடு மூதூரில் எங்கே என்பதை ஒரு தாளில் படம் கீறித் தந்தார். தெருக்கள் எல்லாம் அடிமட்டம் வைத்ததுபோல நேராக இருந்தன.

ஞாயிறு காலை வடிவமைப்பாளர் தன் ஓட்டோவோடு வந்தார். ஒன்பதாம் பக்கத்தை அச்சடித்து ஓர் உறையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எடுத்துப் பார்த்தேன். குற்றவுணர்ச்சி மனிதனை என்னவெல்லாம் செய்யவைக்கும்! கடையில் இருந்ததிலேயே விலைகூடிய தந்தநிறக் கலியாணக்காட் தாள். சுற்றிவரத் தங்கக் கரை. நாலு மூலையிலும் வழமையான ரோஜா.

"இதென்னப்பா?"

"சும்மா தாளில குடுத்தா மரியாதை இல்ல சேர்."

மாற்றி அடிக்க நேரம் இல்லை. புறப்பட்டோம். நானும் ஆசிரியரும் பின்னால். கிண்ணியாப் பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றவர்கள் எல்லாரையும் வடிவமைப்பாளருக்குத் தெரிந்திருந்தது. எல்லாருக்கும் கை காட்டினார். ஆசிரியர் வழிநெடுக, பழைய மிதவைகளுக்கு எந்தக் குதிரைவலு இயந்திரம் பூட்டியிருந்தார்கள் என்பதைக் காற்றையும் மீறி எனக்கு விளக்கினார். நான் உறையை மடியில் வைத்துக்கொண்டு, ராத்தா கதவைச் சாத்தினால் என்ன செய்வது, சாத்தாவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். இரண்டாவதுதான் கூடுதலான பயத்தைத் தந்தது. அடுத்தடுத்த பாலங்களும் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. முன்னர் அரைநாள் போகும் தூரம். இப்போது ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. இந்தப் பாலங்கள் வந்த பதினாறு வருடமாக அக்காவும் தங்கையும் இவற்றைப் பாவித்துக் கொழும்புக்கும் கண்டிக்கும் போய்வந்திருக்கிறார்கள்.

ராத்தாவுக்கு அறுபது வயதளவில் இருக்கும். வாசலில் மூன்று ஆண்களைக் கண்டதும் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, வீட்டுக்காரர் சந்தைக்குப் போயிருப்பதாகவும் இப்போது வந்துவிடுவார் என்றும் சொன்னார். வடிவமைப்பாளர் ஸலாம் சொல்லி, ஊர் சொல்லி, இன்னாருடைய மகன் என்று சொன்னபின் ராத்தா எங்களை விறாந்தையில் இருக்கச் சொன்னார். நான் உறையை நீட்டினேன். திறந்து தங்கக் கரையைப் பார்த்தார்.

"யார்ர கலியாணம்?"

வடிவமைப்பாளர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். ஆசிரியர் தொண்டையைச் செருமினார். "கலியாணம் இல்லைம்மா. நாங்கள் ஒரு சிற்றிதழ் நடத்துறம். உங்கட தங்கச்சி எழுதின கதை..."

ராத்தாவின் முகம் மாறியது. உள்ளே போய் இதழை எடுத்துக்கொண்டு வந்தார். பாடப்புத்தகத்துக்குப் போடுவதுபோலப் பொலித்தீன் உறை போட்டிருந்தது.

"நீங்கதானா இதைப் போட்ட? நாலு தரம் வாசிச்சிட்டன். ஒரு வீட்டுச் சண்டையை ஊருக்கு அச்சடிச்சுக் குடுக்கிறதுக்குப் பேர்தான் இலக்கியமா?"

அந்தத் தலைப்பில் ஆசிரியர் குறைந்தது மூன்று தலையங்கம் எழுதியிருக்கிறார். ஒரு வரிகூட அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. ஆகவே நான் சொன்னேன். கடைசிப் பக்கம் விடுபட்டுப்போனது, நாலின் பெருக்கம், கட்டைவிரல், பின்னாலிருந்து வாசிப்பது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச்சொல்ல எனக்கே நம்பமுடியாமல் இருந்தது. ராத்தா முழுவதையும் கேட்டார்.

"பின்னால இருந்தா வாசிக்கிற?"

"ஓம்."

"கலிமா சொல்லிக் கண்ணை மூடுற வயசில இப்பிடியும் ஆக்கள் இருக்கிறாங்க எண்டு கேக்க வேண்டிக் கிடக்கு." தாளை என்னிடமே திருப்பித் தந்தார். "நீங்களே வாசிங்க. முன்னால இருந்து."

வாசித்தேன். பெற்றோர் கூட்டம், கிழவர், இயந்திரம் பழுதானது எல்லாம் வந்தது. ராத்தா தூணில் சாய்ந்து நின்று கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் தொடர்ந்தேன்: "கொட்டுகிற மழையில், அக்கரையில், என் ராத்தா நனைந்துகொண்டு நின்றாள். நின்று அழுதாள்..."

"நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன்.

"எங்க மழை?"

"இதில... மழை எண்டுதான் இருக்கு."

"அண்டைக்கு ஏது மழை? வெயில். மண்டை வெடிக்கிற வெயில். குடைகூட எடுக்காம ஓடிவந்தன். அழுதேனாமா? நான் எங்க அழுதன்? அந்த மிதவைக்காரனோட சண்டையெல்லோ பிடிச்சன்! மத்தியானத்தில இருந்து பிடிச்சன். வள்ளமொண்டு கேட்டன், ஆத்தில தண்ணி இழுவை கூட, ஏத்தமாட்டன் எண்டான். நீந்திப் போறன் எண்டு இறங்கினன், ரெண்டு பேர் வந்து கையில பிடிச்சு இழுத்துக் கரையில போட்டாங்க."

"எஞ்சின் ஸ்டார்ட்டே எடுக்கல்லையோ, இல்லாட்டி எடுத்து எடுத்து நிண்டதோ?" ஆசிரியர் முன்னால் சாய்ந்தார்.

"எடுத்து எடுத்து நிண்டது. கறுப்புப் புகை வந்தது."

"அப்ப பொழுதுபட முதல் சரிவந்திருக்காது" என்று ஆசிரியர் என்னிடம் உறுதியாகச் சொன்னார். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்த வழக்கில் கிடைத்த முதலாவது நிபுணர் சாட்சியம் அது. ராத்தா அவரை நிமிர்ந்து பார்த்தார். யாரோ ஒருவர் தன்னை நம்பிவிட்டதைப்போல ஒரு பார்வை.

"அவள்ர நம்பர் இருக்கா உங்களிட்ட?"

வடிவமைப்பாளர் தன் போனில் எண்ணை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, இரண்டு கையாலும் நீட்டினார். மணி இரண்டு தரம் அடித்தது.

"சொல்லுங்க காக்கா, குடுத்தாச்சா?" வடிவமைப்பாளரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்ட டீச்சரின் குரல் பதற்றமாக இருந்தது. "என்ன சொன்னா? கதவைத் திறந்தாவா?"

ராத்தா போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

"அண்டைக்கு எங்ககா மழை பேஞ்சது?"

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று வடிவமைப்பாளர் எட்டிப் பார்த்தார். பிறகு மிக மெல்லிய குரல் வந்தது.

"கதைக்கு மழை வேணும் ராத்தா."

"என்னத்துக்கு வேணும்? நான்தான் மழையில நனையவே இல்லையே."

"வெயிலெண்டா வாசிக்கிறாக்களுக்கு உருகாது."

"அப்ப அழுதது?"

"நீங்க சண்டை பிடிச்ச எண்டுதான் அந்தக் கிழவன் சொன்னான். எனக்கு அது எழுதச் சரிவரல்ல. அழவெச்சிட்டன்."

"நான் சண்டை பிடிச்சதை எழுது. மழையை வெட்டு."

"ராத்தா, அது கதை..."

"எனக்கு இலக்கியம் படிப்பிக்காத. தலைப்பிள்ளை நான். மழையை வெட்டெண்டா வெட்டு. இந்தா, உன்ர பத்திரிகைக்காரர் மூண்டு பேரும் இங்கதான் இருக்கிறாங்க. கலியாணக் காட் அடிச்சுக் கொண்டுவந்திருக்கிறாங்க." ராத்தா ஆசிரியரைப் பார்த்தார். "வெட்டுவீங்கதானே?"

படைப்பாளியின் சுதந்திரத்தில் ஆசிரியர் கை வைக்கக்கூடாது என்பது எங்கள் இதழின் முதலாவது கொள்கை. எங்கள் ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"எழுதினவ சொன்னா வெட்டலாம் அம்மா" என்றார்.

"நான் சொல்லமாட்டன்" என்றது போன்.

"சொல்லாம எங்க போகப்போற?" என்றார் ராத்தா. பிறகு என் கையில் இருந்த தாளை வாங்கினார். "இஞ்ச இன்னும் கொஞ்சம் கிடக்கு. இதையும் பார்ப்பம், இன்னும் என்னென்ன பொய் எழுதியிருக்கிறாய் எண்டு."

சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். எழுத்துக்கூட்டாத, பழகிய வாசிப்பு. அக்கரை என்று வந்த இடத்தில் நிறுத்தி, அது அக்கரை இல்லை, இந்தப் பக்கம் என்று திருத்தினார். சாரியின் நிறத்தைத் திருத்தினார். போனில் இருந்து ஒவ்வொன்றுக்கும் "ம்" வந்துகொண்டிருந்தது. கடைசிப் பந்திக்கு வந்தபோது குரல் இறங்கியது. பிறகு உதடு மட்டும் அசைந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை, ஆனால் அந்தப் பந்தி இப்போது எனக்கு மனப்பாடம். "மூன்றாம் நாள் ராத்தா வந்தபோது, ஏன் அன்றைக்கு வரவில்லை என்று நான் கேட்டிருக்கலாம். கேட்காமல் உள்ளே எழுந்து போனேன். அது அவள் பிழை இல்லை" என்று டீச்சர் எழுதியிருந்தார்.

ராத்தா வாசித்து முடித்தும் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சந்தைக்குப் போனவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, விறாந்தையில் மூன்று அந்நியர்களையும், கையில் கலியாணக் காட்டோடு நிற்கும் மனைவியையும் கண்டு, மீன்பையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ராத்தா?" என்றது போன். "ராத்தா, இருக்கிறீங்களா?"

"இருக்கன்" என்றார் ராத்தா. மூக்கை முந்தானையால் துடைத்தார். "இதில பிழை ஒண்டுமில்ல. இதை இப்பிடியே போடச் சொல்லு."